பயிர் வரை பார்த்த பொறியாளர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

நான் வாழும் மறைமலை நகரில் நாள்தோறும் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. புராஜெக்ட் என்பதே அச்சொல். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்து நிற்போரும், இரவுப் பணி முடித்துத் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்போரும் அதைப் பற்றியே பேசக் கேட்கிறேன். எங்கள் ஊரே சென்னையின் நெரிசலைக் குறைக்க வகுக்கப்பட்ட ஒரு திட்டத்தின் பயனாகப் பிறந்த துணைநகரம். ஒரகடம், திருப்பெரும்புதூர் என்று நீளும் தொழிற்சாலை வரிசையில், இன்று ஏதேனும் ஒரு திட்டம் நடைபெறாத மதிற்சுவரைக் காண்பது அரிது.

என் தந்தையார் கொத்தனார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலை வளாகத்தில் புதிய கூடம் எழுப்பும் பணியில் எட்டு மாதம் உழைத்தார். குறித்த நாளுக்கு முன்பே வேலை முடிந்தது. எல்லோருக்கும் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் அக்கூடத்துக்குள் ஓர் இயந்திரமும் வந்து சேரவில்லை. நிர்வாகத்தின் எண்ணம் இடையிலேயே மாறிவிட்டது என்றும், அதைக் கட்டட வேலை பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றும் பின்னர் அறிந்தோம். கூலியில் குறையில்லை. ஆயினும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு வேலை குறையின்றி முடிந்தும் வீணாகப் போகுமா என்ற வினா அன்றுதான் என் உள்ளத்தில் எழுந்தது.

அவ்வினாவுக்கு விடை தேடியபோது என் தாயார் பிறந்த கம்பம் பள்ளத்தாக்கு நினைவுக்கு வந்தது. அங்கே தைப் பொங்கலையொட்டி, சனவரி 15ஆம் நாள், ஒரு வெள்ளைக்காரரின் படத்துக்கு மாலை சூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். குலதெய்வத்தின் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் தொங்கும் வீடுகளையும் கண்டிருக்கிறேன். அவரே முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக். திட்டம் என்றால் என்ன, அது யாருக்காக என்பதை அவர் வாழ்விலிருந்து கற்கலாம் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையார் பெயரும் ஜான் பென்னிகுவிக்கே. அவர் ஆங்கிலேயப் படையில் உயர்ந்த அதிகாரி. 1849 சனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியருடன் நடந்த போரில் அவரும், அவருடைய மகன்களுள் ஒருவரான அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டனர். அப்பொழுது நம் பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிரம்ப இரண்டு நாள் இருந்தது. தந்தையையும் அண்ணனையும் ஒருசேர இழந்த அச்சிறுவன் இங்கிலாந்தில் அடிஸ்கோம்பு படைக்கல்லூரியில் பயின்று, பொறியாளராகி, 1860இல் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். அழிக்கும் படையின் குடும்பத்தில் தோன்றியவர் ஆக்கும் தொழிலை மேற்கொண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அவர் வரும் முன்பே அணையின் கனவு பிறந்துவிட்டது. மேற்கு மலைத் தொடரின் ஒரு பக்கம் பெரியாறு பெருக்கெடுத்து ஓடி அரபிக் கடலில் கலந்தது. மறுபக்கம் வைகையோ ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடந்தது. மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிந்தித்தவர் இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆவார். செலவுக்கு அஞ்சி அம்முயற்சி கைவிடப்பட்டது. 1808இல் ஆய்ந்த கால்டுவெல் என்னும் அதிகாரி இது நடவாத காரியம் என்று தள்ளிவிட்டார். 1850இல் வேலை தொடங்கியும் நின்றது. நோய் மிகுந்த காட்டில் தங்கி உழைக்க ஆட்கள் கூடுதல் கூலி கேட்டனர். அத்துடன் அது முடிந்தது. 1867இல் ரைவ்ஸ் என்பவர் மீண்டும் ஒரு திட்டம் தந்தார். அதற்குள் 1876ஆம் ஆண்டின் தாது வருடப் பஞ்சம் வந்து, மாகாணத்தையே சூறையாடியது.

பஞ்சம் ஓர் உண்மையை அரசுக்கு உணர்த்தியது. கஞ்சித் தொட்டி வைப்பதைக் காட்டிலும் வாய்க்கால் வெட்டுவதே நிலையான வழி என்பதுதான் அது. வறண்ட நாட்டுக்குப் பாசனம் தருவது பொதுப்பணித் துறையின் நோக்கங்களுள் முதன்மையாயிற்று. பாசனம் பெருகினால் தீர்வையும் பெருகும் என்ற கணக்கும் வெள்ளையர் அரசுக்கு இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. 1882இல் பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி வகுத்து மதிப்பீடு தரும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1884இல் அவருடைய திட்டம் ஒப்புதல் பெற்றது. அணை அமையும் இடம் திருவிதாங்கூர் மன்னருக்கு உரியதாகையால், 1886 அக்டோபர் 29இல் குத்தகை உடன்படிக்கை எழுதப்பட்டது. 8000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய், காலம் 999 ஆண்டுகள் என்பது ஏற்பாடு. 1887இல் வேலை தொடங்கியது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இத்திட்டத்தில் என்னை வியக்கவைத்த செய்தி ஒன்றுண்டு. இவ்வணை முதன்மையாக நீரைத் தேக்குவதற்காக எழுந்ததன்று. நீரை உயர்த்துவதற்காக எழுந்தது. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் ஏறத்தாழ 1200 அடி நீளமும் கொண்டது அது. நீர்மட்டம் 104 அடியைத் தாண்டினால்தான் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வாயை நீர் எட்டும். அதற்குக் கீழுள்ள நீர் தமிழ்நாட்டுக்கு ஒரு சொட்டும் வராது. ஆகவே அணையின் பெரும்பகுதி, கிழக்கே செல்லும் வழிக்கு நீரைத் தூக்கிவிடும் ஏணியே ஆகும். ஒரு மைலுக்குச் சற்று மேல் நீளமுள்ள அச்சுரங்கத்தைக் கடந்த நீர், மலையிறங்கிச் சுருளியாற்றை அடைந்து வைகையில் சேருகிறது. வைகையில் பேரணை என்னுமிடத்தில் அதை மடக்கி, கால்வாய்கள் வழியே மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குத் திருப்பினார்கள்.

அணை, சுரங்கம், பேரணை, கால்வாய்கள் என்ற நான்கையும் ஒருசேர எண்ணிப் பாருங்கள். இவற்றுள் எந்த ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீண். அணை மட்டும் எழுந்து சுரங்கம் முடியாதிருந்தால், காட்டுக்குள் ஓர் அழகிய ஏரி கிடைத்திருக்கும். சுரங்கம் முடிந்து கால்வாய் இல்லாதிருந்தால், நீர் வைகை மணலுக்கே இரையாகியிருக்கும். பென்னிகுவிக்கின் அறிவு இங்கேதான் விளங்குகிறது. அணையின் உச்சியில் நின்றபடியே அவர் கண் கடைமடை வயலைப் பார்த்தது. துறை எதை நாடியதோ, அதை நோக்கியே ஒவ்வொரு கல்லும் வைக்கப்பட்டது.

வேலை நடந்த இடமோ யானையும் புலியும் உலவிய காடு. பாதையில்லை, ஊரில்லை, உழவரில்லை. அடிவாரத்திலிருந்து சுண்ணாம்பையும் பிற பொருள்களையும் மலைக்கு மேல் ஏற்றக் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். பின்பு வண்டிகளிலும், ஆற்றில் படகுகளிலும் கொண்டுசென்றார்கள். பணியிடத்தைக் கட்டும் முன் பணியிடத்துக்குச் செல்லும் வழியைக் கட்டவேண்டியிருந்தது. சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் கலந்த காரையே அணையின் உடல். சென்னைப் பயனியர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், பள்ளத்தாக்குக் கூலிகளும் அங்கே உழைத்தனர்.

ஆற்றை ஒதுக்கி அடித்தளம் போடுவதே எல்லாவற்றினும் கடினமாயிற்று. தற்காலிக அணைகளை எழுப்புவார்கள், மழை வரும், ஒரே இரவில் வெள்ளம் அடித்துச் செல்லும். மறுபடி எழுப்புவார்கள், மறுபடி போகும். இங்கே ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். அரசு கைவிரித்தபோது பென்னிகுவிக் தம் மனைவியின் நகைகளையும் சொத்தையும் விற்று அணையை முடித்தார் என்று எங்கள் பாட்டி முதல் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மக்களின் நன்றி புனைந்த அன்புக் கதை. செவிவழிச் செய்தியை வரலாறாக எழுதுவது மாணவர்க்கு முறையன்று என்பதால் இக்கட்டுரை அதன்மேல் நிற்கவில்லை. அஃதில்லாமலும் அவர் பெருமையில் ஒன்றும் குறையாது. வெள்ளம் கொண்டுபோன வேலையை மறுநாள் காலையில் மீண்டும் தொடங்கச் செய்யும் உறுதி, நகையைக் காட்டிலும் பெரிதல்லவா? வள்ளுவர் வினைத்திட்பம் என்றொரு அதிகாரத்தையே அதற்கு ஒதுக்கினார்.

ஆனால் அவ்வுறுதிக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டும் அல்லர். மலைக்காய்ச்சலும் பிற நோய்களும் வாட்டி, வேலைக் காலத்தில் 483 பேர் உயிர் நீத்தனர் என்பது கணக்கு. அணைக்கு வடக்கே அவர்களுக்கென ஓர் இடுகாடும் இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். 1850இல் வேலை நின்றதற்கு ஆட்களின் பேராசை காரணம் என்று சொல்வார் உண்டு. பின்னர் நேர்ந்த இவ்விறப்புகளைப் பார்த்தால், அன்று கூடுதல் கூலி கேட்டவர்கள் தங்கள் உயிரின் விலையையே கேட்டார்கள் என்று தோன்றுகிறது. எத்தகைய உயர்ந்த நோக்கமும் உழைப்பவனின் உடல்நலத்தை மறந்துவிட்டு நிறைவேறினால், அதன் வெற்றியில் ஒரு கறை தங்கிவிடும். பென்னிகுவிக்கைப் போற்றும்போதே இதையும் சொல்லாமல் விடுவது நன்றியாகாது.

1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நூற்றாண்டுக்கு முன் பிரதானி கண்ட கனவு நனவாயிற்று. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அந்நீரால் பயன் பெறுகின்றன. பாசனத்துக்கென வந்த நீர், பின்னாளில் லோயர்கேம்பில் மின்சாரமும் தருகிறது. அணையின் பாதுகாப்பு பற்றிக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே வழக்குகள் நடந்தன. 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க இசைந்தது. கீழே வாழும் மக்களின் அச்சமும் மேலே காத்திருக்கும் உழவரின் தேவையும் ஒருசேர மதிக்கப்படவேண்டும் என்பதே நடுநிலையாளர் விருப்பமாகும்.

அணையை முடித்த பின் பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று, 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக விளங்கினார். இந்தியாவுக்கு வரும் இளம் பொறியாளர்களை உருவாக்கிய கல்லூரி அது. பெரியாற்றைத் திருப்பிய முறையை விளக்கி 1897இல் இலண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தில் கட்டுரை படைத்தார். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பின்வருவோர்க்கு எழுதிவைப்பதும் ஒரு பணியின் பகுதியே என்பதை இதனால் அறிகிறோம். 1911 மார்ச் 9ஆம் நாள் அவர் மறைந்தார். பிரிம்லி என்னும் ஊர்த் தேவாலயக் கல்லறையில் துயில்கிறார். 2013இல் லோயர்கேம்பில் அவருக்குத் தமிழக அரசின் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்பே வயற்காட்டு மக்கள் தங்கள் உள்ளத்தில் மண்டபம் கட்டிவிட்டார்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு, எழுதப் படிக்க அறியாத என் தந்தையாருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். கம்பிவடப் பாதையையும் காரையையும் பற்றி ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார். 483 பேர் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, அவர்கள் கட்டியதில் தண்ணீராவது ஓடுகிறதே என்றார். அவர் எந்தக் கூடத்தை எண்ணிக்கொண்டு அதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை இத்தொழிற்சாலைகளுக்குள் வேலைக்குச் செல்வோம். சிலர் பிறரை வேலை வாங்கும் நிலைக்கும் உயர்வோம். நாள் தவறாமல் முடித்தோமா, செலவு மிஞ்சாமல் முடித்தோமா என்று அங்கே நம்மைக் கேட்பார்கள். அவை தேவையான கேள்விகளே. அவற்றோடு, இது யாருக்குப் போய்ச் சேருகிறது என்னும் கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். நோக்கம் மாறினால், மண்வெட்டி பிடித்தவனுக்கும் அதை மறைக்காமல் சொல்வோம். கடைமடை வரை பார்த்து வேலை செய்தவரின் பெயர், நூறாண்டு கடந்தும் பொங்கல் பானைக்கு முன் சொல்லப்படுகிறது.