நோபலின் மருந்து

சர் சி.வி. ராமன் 1930-ல் நோபல் பரிசு வாங்கினார் என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்தோம். அந்த நோபலுக்கும் நம்ம கோவில்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மேலே கரிசல், கீழே பாறை என்று கிடக்கிற நம்ம காட்டில் கிணறு வெட்ட வைத்த ஜெலட்டின் தோட்டாவுக்கு மூலவர் அவர்தான். நமக்கு அதுவும் மருந்து, தீக்குச்சி முனையில் இருப்பதும் மருந்து. எல்லாத்துக்கும் ஒரே பேர்!

ஆல்பிரட் நோபல் 1833 அக்டோபர் 21-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். அப்பா தொழில் நொடித்து, பிழைப்புத் தேடி ரஷ்யா போனவர். பையன் பட்டம் எதுவும் வாங்கவில்லை. வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படித்து ஐந்து மொழி கற்றார்.

இத்தாலியரான சொப்ரெரோ 1847-ல் நைட்ரோ கிளிசரினைத் தயாரித்திருந்தார். பார்க்க எண்ணெய் மாதிரி இருக்கும், அதிர்ந்தால் வெடிக்கும். இதை வேலைக்கு ஆக்கப் பார்த்தார் நோபல். 1864 செப்டம்பர் 3-ல் ஹெலனபோரி பட்டறை வெடித்தது. தம்பி எமில் உட்படப் பலர் செத்தார்கள். நோபல் நிறுத்தவில்லை. ஏரியில் ஒரு படகில் வைத்து உற்பத்தியைத் தொடர்ந்தார். எனக்கு இந்த இடத்தில் அவர் மேல் மரியாதையும் வருது, கோபமும் வருது.

ஏனென்றால் சரக்கு அதற்குள் உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 1866 ஏப்ரலில் பனாமா கரையில் ஒரு கப்பல் வெடித்தது. அதே மாதம் 16-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ பார்சல் அலுவலகத்தில் ஒழுகிய பெட்டி ஒன்றைத் திறக்கப் போனார்கள். உள்ளே வெடிபொருள் என்று வெளியே குறிப்பு இல்லை. உளி, சுத்தியலை எடுத்தார்கள். 15 பேர் போய்விட்டார்கள். அவர்கள் பெட்டி திறக்கிற கூலிக்காரர்கள், எழுத்தர்கள், கண்டுபிடித்தவர்கள் இல்லை. பிரிட்டன் 1869-ல் தனிச் சட்டமே போட்டது. இந்தியாவில் வெடிபொருள் சட்டம் 1884-ல் வந்தது.

நோபல் 1867-ல் வழி கண்டார். மூன்று பங்கு நைட்ரோ கிளிசரினை ஒரு பங்கு கீசல்கர் மண்ணில் ஊற வைத்தால் பிசைந்த மாவு போல் ஆகும். சாதாரணத் தட்டலுக்கு அசையாது. அதுதான் டைனமைட். 1875-ல் ஜெலட்டின் வெடி வந்தது.

பொருள் ஒன்றே, கலப்பு மாறினால் ஆபத்தும் மாறும் என்பதை இன்றைய ஐ.நா. வகைப்பாடு எண்ணாகவே எழுதுகிறது. எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாங்க. அங்கே வருகிற பொட்டாசியம் குளோரேட் 5.1, அதாவது பிற பொருளை எரியத் தூண்டுவது. சிவப்பு பாஸ்பரஸ் 4.1, எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள். இரண்டும் கலந்து உரசினால் வெடிக்கும். அதனால்தான் ஒன்று குச்சியிலும் மற்றது பெட்டியின் பக்கவாட்டிலும் இருக்கு. மூட்டையில் உள்ள மஞ்சள் சதுரம் 5.1, சிவப்பு வெள்ளைக் கோடு 4.1 என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நோபல் 1895-ல் உயில் எழுதி, 1896 டிசம்பர் 10-ல் சான் ரெமோவில் இறந்தார். கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? அதே நைட்ரோ கிளிசரின்! வெடிபொருளாக அது முதல் வகுப்பு. ஆல்கஹாலில் ஒரு சதவீதத்துக்கு மிகாமல் கரைத்தால் மூன்றாம் வகுப்பு, எண் 1204. நம்ம பைபாஸில் போகிற பெட்ரோல் டேங்கரின் பின்னால் பாருங்கள், 1203 என்று இருக்கும்.