மந்திரவாதி வேடத்தில் ஒரு பட்டதாரி
— இரண்டாமாண்டு பி.எஸ்சி. மாணவன், ஊரப்பாக்கம்

தமிழ்த் திரையில் மந்திரவாதி வேடம் புனைந்தோர் பலர். ஆனால் மந்திரவாதி என்றதும் தாடியும் உறுமலுமாகக் கண்முன் வந்து நிற்பவர் எஸ்.வி. ரங்காராவ் ஒருவரே. அவர் ஓர் அறிவியல் பட்டதாரி என்று அறிந்தபோது எனக்கு எழுந்த வியப்பே இக்கட்டுரை.

1918 ஜூலை 3 அன்று ஆந்திரத்து நூஜிவீட்டில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பி.எஸ்சி. முடித்துத் தீயணைப்புத் துறையில் அதிகாரியானார். நாடக மேடையோ அவரை விடவில்லை. ஷேக்ஸ்பியரின் ஷைலாக்காகவும் நடித்தவர் அவர். அரசு வேலையைத் துறந்து திரைக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். கையிலிருந்த அரசு வேலையை ஒருவர் விட்டார் என்பது, எந்த மந்திரத்தையும்விட எனக்கு நம்ப முடியாத செய்தி! 1946இல் வெளிவந்த ‘வரூதினி’ தோற்றது. ஜாம்ஷெட்பூர் சென்று டாட்டா நிறுவனத்தில் வேலை பார்த்தார். மீண்டும் சென்னை அழைத்தது.

1951இல் விஜயா நிறுவனத்தின் ‘பாதாள பைரவி’ தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. இயக்கம் கே.வி. ரெட்டி. நாயகன் என்.டி. ராமராவ் என்றாலும், மக்கள் மனத்தில் நின்றவன் நேபாள மந்திரவாதியே. அவனால் எதுவும் முடியும். ஆயினும், கேட்டதெல்லாம் தரும் பைரவியின் பதுமை வேண்டுமானால் ஒரு வீரனைப் பலியிட வேண்டும். அந்த வீரனோ சூழ்ச்சியறிந்து அவனையே பலியிட்டு விடுகிறான். செத்தவனைச் சீடன்தான் மூலிகையால் எழுப்ப வேண்டியிருக்கிறது. இறுதியில் இளவரசியின் மனத்தைக் கவரும் ஆசையில், தன் ஆற்றலெல்லாம் அடங்கிய தாடியை மழித்துக் கொள்கிறான்! அவனை அழித்தது எதிரியின் வாளன்று, அழகாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையே என்பேன். ரங்காராவ் அவனை அரக்கனாக மட்டும் காட்டவில்லை. ஆசைப்பட்ட மனிதனாகவும் காட்டினார்.

இப்படத்தை என் பாட்டியோடு தொலைக்காட்சியில் பார்த்தேன். தாத்தா நோயுற்றுக் கிடந்தபோது, மந்திரித்துத் தாயத்துக் கட்ட வந்தவருக்காகக் காதுக் கம்மலை அடகு வைத்தவர் பாட்டி. தாத்தா பிழைக்கவில்லை. கம்மலும் மீளவில்லை. மந்திரவாதி பிணமாகக் கிடந்த காட்சியில் பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தான் எழுவதற்கே இவனுக்கு இன்னொருவன் வேண்டியிருக்கிறதே என்று மட்டும் சொன்னார். தம் கம்மலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உயிரைக் கிளிக்குள் ஒளித்து, அந்தக் கிளியை ஏழு கடலுக்கு அப்பால் வைத்த மந்திரவாதி நம் பாட்டிமார் கதைகளில் உண்டு. ஹாரி பாட்டர் கதையின் வால்டெமார்ட்டும் தன் உயிரைத் துண்டு துண்டாக்கி ஒளித்து வைத்தவன்தானே! இவ்வினத்துப் பாத்திரங்களே ரங்காராவைத் தேடி வந்தன.

1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் அவர் கடோத்கஜன். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் தந்திரத்தால் பலகாரங்கள் தாமாகப் பறந்து அவர் வாயில் விழும். குழந்தைகள் இன்றும் கைதட்டும் காட்சி அது. திருமணத்தோடு படம் முடிகிறது. ஆனால் பாரதம் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த மாயக்காரன் பதினான்காம் நாள் இரவுப் போரில் கர்ணனின் சக்தி ஆயுதத்துக்கு இரையாவான் என்று.

1967இல் ‘பக்த பிரகலாதா’வில் இரணியன். மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவு கூடாது என வரம் வாங்கியவன். கணக்கு வகுப்பில் எல்லை நிபந்தனைகள் படிக்கும் நமக்கு அவன் தவறு எளிதில் விளங்கும். அந்தி வேளையும் வாசற்படியும் அவன் பட்டியலில் இல்லை.

மாயமில்லாத வேடங்களிலும் அவர் ஒளிர்ந்தார். ‘படிக்காத மேதை’, ‘கற்பகம்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஆகிய படங்களை நம் வீட்டுப் பெரியோர் மறக்க மாட்டார்கள். ‘நர்த்தனசாலா’வின் கீசகனுக்காக 1964இல் ஜகார்த்தாவில் நடந்த ஆப்பிரிக்க–ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். இரு தெலுங்குப் படங்களை இயக்கவும் செய்தார்.

1974இன் தொடக்கத்தில் மாரடைப்பு கண்டது. பிழைத்தார். அதே ஆண்டு ஜூலை 18 அன்று சென்னையில் மீண்டும் வந்தது. ஐம்பத்தாறு வயது நிறைந்து பதினைந்தே நாட்கள் ஆகியிருந்தன. அவர் மறைந்த பின், 1975இல் ‘யசோதா கிருஷ்ணா’ என்ற தெலுங்குப் படம் திரைக்கு வந்தது. அதில் அவர் ஏற்றிருந்தது, தன் சாவைத் தடுக்கத் தங்கையின் குழந்தைகளையெல்லாம் கொன்ற கம்சன் வேடம்.