தேளை மறக்காத கரோலின்

இந்த மாதம் நான் எழுதுவது கரோலின் ஹெர்ஷல் பற்றி.

இவர் 1750-ல் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்தார். பத்து வயதில் டைபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சி நின்றுவிட்டது. கடைசி வரை நாலேகால் அடி உயரம்தான். வீட்டு வேலை பார்த்தால் போதும் என்று அம்மா படிக்க விடவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபமா வந்தது.

1772-ல் அண்ணன் வில்லியம் இவரை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போய் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கும்போது கையை எடுக்க முடியாது. தங்கச்சிதான் சாப்பாடு ஊட்டி விடுவாராம். ராத்திரியில் அண்ணன் பார்த்துச் சொல்வதை எல்லாம் எழுதி வைப்பார். 1783 டிசம்பர் 31 அன்று இருட்டில் பனியில் ஓடி, இரும்புக் கொக்கி காலில் ஏறிவிட்டது. அப்புறம் வானம் மேகமா இருந்ததால் அண்ணன் வேலை கெடவில்லை என்றுதான் ஆறுதல் பட்டாராம்!

1786 முதல் 1797 வரை தானே 8 வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1787-ல் அரசர் வருடம் 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். 1828-ல் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

இனிதான் முக்கியமான விஷயம். விருச்சிக நட்சத்திரக் கூட்டத்தில், அதாவது தேள் வடிவத்தில், நட்சத்திரமே இல்லாத ஒரு கருப்பு இடத்தை வில்லியம் பார்த்திருந்தார். வானத்தில் ஓட்டை என்றே நினைத்தார். அவர் 1822-ல் இறந்துவிட்டார். ஆனால் கரோலின் அதை மறக்கவில்லை. 1833-ல் அண்ணன் மகன் ஜான் தென்னாப்பிரிக்கா போனபோது, அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் போட்டார். அப்போது வயது 83! ஜான் பார்த்துவிட்டுப் பதில் எழுதியும் திருப்தி இல்லாமல், மறுபடியும் பார்க்கச் சொன்னார். 1848-ல் 97 வயதில் இறந்தார். விடை தெரியவே இல்லை.

விடை அண்ணன் கையிலேயே இருந்தது! அவர் 1800-ல் முப்பட்டகம் வைத்து வெயிலை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அந்தப் பக்கம் வெப்பமானி வைத்தார். அங்கே ஒளியே இல்லை, ஆனால் சூடு ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். அடுப்பு அணைந்த பிறகும் கிட்டப் போனால் சூடு தெரியும் இல்லையா, அதுவும் இதுதான்.

அந்தக் கருப்பு இடம் ஓட்டை இல்லை, தூசியும் வாயுவும் நிறைந்த மேகம். பின்னால் இருக்கும் ஒளியை மறைத்துவிடும். ஆனால் அகச்சிவப்புக் கதிர் தூசியைத் தாண்டி வரும். அந்தப் பக்கத்தில் உள்ள ரோ ஒபியூகி மேகத்தை 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அப்படிப் படம் எடுத்தது. 390 ஒளியாண்டு தூரத்தில், அந்த ஒரே படத்தில் சுமார் 50 இளம் நட்சத்திரங்கள்!

ஒண்ணுமே இல்லை என்று நினைத்த இடத்தில்தான் நட்சத்திரம் பிறக்குது. வீட்டு வேலைக்குத்தான் என்று நினைத்த பெண்தான் அதை விடாமல் கேட்டார். தோழிகளே, நாமும் கேட்போம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி