தங்கையின் நோய் எழுப்பிய ஆஸ்பத்திரி

தஞ்சைச் சீமைக்கு அடுத்த புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள்.

பெண்கள் வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றுவிடும் காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்தார். பிறகு ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். பலர் எதிர்த்தார்கள். மன்னர் தொண்டைமான் இடம் கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டர் ஆனார்.

கைவிட்டுப் போன உயிர்

இவருடைய தங்கைக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. முதலில் சீதபேதி என்றே வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1925-ல் இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படித்தார். 1927-ல் சென்னை சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அனாதைப் பெண்களுக்காக அவ்வை இல்லம் அமைத்தார். ஆனாலும் புற்றுநோய்க்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் தணியவே இல்லை. வீடு வீடாகப் பணம் திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. 1968-ல் அம்மையார் காலமானார். ஆஸ்பத்திரி வளர்ந்து நிற்கிறது.

வாய்வு என்று விடாதீர்கள்

தங்கைக்கு நேர்ந்த தவறு இன்றும் நடக்கிறது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வயிறு வலித்தால் வாய்வு என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறவர்கள் உண்டு. கல்லீரலின் அடியில் பித்தப்பை என்ற சிறு பை இருக்கிறது. அதில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் அடையாளமே காட்டாது. வலப்பக்க மேல்வயிற்றில் வலி, பசியின்மை, உடல் இளைப்பு, மஞ்சள் காமாலை எல்லாம் பெரும்பாலும் பின்னால்தான் வரும்.

ஒரு புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் இனி நமக்கு எதுவும் வராது என்று இருக்கலாகாது. பழைய நோய் திரும்பலாம். வேறோர் உறுப்பில் புதிய நோயும் முளைக்கலாம். டாக்டர் சொன்ன தவணையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். புதிய வலி எதுவானாலும் பழைய நோயின் விவரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பித்தப்பையில் கல்லோ கட்டியோ இருந்தால் பெரும்பாலும் ஸ்கேன் காட்டிவிடும். கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்தால், எடுத்த பையைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். பல பேருக்கு ஆரம்ப நிலை நோய் அப்படித்தான் தெரிய வந்திருக்கிறது. அந்த நிலையில் அறுவையால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

தங்கைக்குக் கிடைக்காத அவகாசம் பிறருக்காவது கிடைக்கட்டும் என்றுதான் அந்த அக்காள் முப்பது ஆண்டு பாடுபட்டார்.