புகழ்பெற்ற படம், மறைந்துபோன பெயர்

ரயில் வரலாற்று நூல்களில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். இரண்டு நீராவி இன்ஜின்கள் எதிரெதிரே நிற்கும். சுற்றிலும் பெருங்கூட்டம். நடுவில் இருவர் கைகுலுக்குவர். இன்ஜின்மேல் ஏறி நிற்பவர்கள் மதுப்புட்டிகளை ஒருவருக்கொருவர் நீட்டுவர். மாணவர்களே, நீங்களும் அதைப் பார்த்திருக்கலாம். அந்தப் படத்தை எடுத்தவர் ஆண்ட்ரூ ஜோசப் ரசல். அவருடைய வாழ்க்கையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ரசல் 1829ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஹேம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள வால்போல் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் நுண்டா என்ற சிற்றூரில். அவர் முதலில் ஓர் ஓவியர். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டே ரசல் படையில் சேர்ந்து கேப்டன் ஆனார்.

அக்காலத்தில் ராணுவ ரயில் பாதைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹெர்மன் ஹாப்ட் என்ற பொறியாளர். பாலங்களை விரைவாகக் கட்டுவது எப்படி, எதிரியின் தண்டவாளங்களைப் பயன்படாமல் செய்வது எப்படி என்று அவர் பல சோதனைகளை நடத்தினார். அவற்றை மற்றவர்களுக்குக் கற்பிக்கப் படங்கள் வேண்டியிருந்தன. அந்த வேலை ரசலிடம் வந்தது. தொழில் தெரிந்த ஒருவரிடம் புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டு, அவர் களத்தில் இறங்கினார்.

அன்று படம் எடுப்பது எளிதான காரியமன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தை ஊற்றிப் பரப்ப வேண்டும். இருட்டில் வெள்ளி உப்புக் கரைசலில் அதை முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் பிடிக்க வேண்டும். காயுமுன்பே மருந்தில் கழுவியும் விடவேண்டும். தாமதித்தால் படம் பாழ். அதனால் புகைப்படக்காரர் எங்கே போனாலும் இருட்டறையும் கூடவே போகும். உடையக்கூடிய கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு, ரசல் போர்க்களங்களைச் சுற்றினார்.

போர் முடிந்தபின், 1868இல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் அவரை அமர்த்தியது. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாதை அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. யூனியன் பசிபிக் நிறுவனம் ஒமாஹாவிலிருந்து மேற்கே வந்தது. சென்ட்ரல் பசிபிக் நிறுவனம் சாக்ரமெண்டோவிலிருந்து கிழக்கே வந்தது. மொத்தம் 1,776 மைல். சென்ட்ரல் பசிபிக் பகுதியில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். சியரா நெவாடா மலையின் கருங்கற் பாறைகளை வெடிவைத்துப் பிளந்தும் பனியில் உறைந்தும் அவர்கள் சுரங்கப் பாதைகள் அமைத்தனர். பலர் அங்கேயே மாண்டனர்.

1869 மே 10ஆம் நாள் யூட்டா பகுதியின் புரொமாண்டரி மேட்டில் இரு பாதைகளும் சேர்ந்தன. சென்ட்ரல் பசிபிக்கின் ஜூபிட்டர், யூனியன் பசிபிக்கின் 119 ஆகிய இரு இன்ஜின்களும் அங்கே நேருக்கு நேர் நின்றன. அன்று அங்கிருந்த மூன்று புகைப்படக்காரர்களில் ரசலும் ஒருவர். நான் முதலில் சொன்ன படம் அப்படித்தான் பிறந்தது. கைகுலுக்கும் இருவரும் தலைமைப் பொறியாளர்கள்.

அந்த இடம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. கோடைக்காலத்தில் அந்நிகழ்ச்சியை அங்கே நடித்துக் காட்டுகிறார்கள். நான் கைப்பேசியுடன் போயிருந்தேன். ஜூபிட்டர் விறகில் ஓடுகிறது. அதன் புகைபோக்கி மேலே அகன்று பருத்திருக்கிறது. 119 நிலக்கரியில் ஓடுகிறது. அதன் புகைபோக்கி நேராக நிற்கிறது. அரை மணி நேரத்தில் நூறு படங்களுக்குமேல் எடுத்துவிட்டேன். ஒரு படத்துக்கு ரசல் பட்ட பாடு அப்போது நினைவுக்கு வந்தது.

அவை பழைய இன்ஜின்கள் அல்ல. அசல் இன்ஜின்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டுவிட்டன. இன்றுள்ளவை 1979இல் ஓடத் தொடங்கிய நகல்கள். அசல் வரைபடங்கள் கிடைக்காததால், அக்காலப் புகைப்படங்களைப் பெரிதாக்கி, அளந்து, புதிய வரைபடங்கள் தயாரித்தார்கள். உருகிப்போன இரும்புக்குப் புகைப்படம் மறுபிறவி கொடுத்தது! ஆனால் கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது. ஜூபிட்டருக்கு முதலில் சிவப்பு பூசினார்கள். பின்னர் பழைய செய்தித்தாள் குறிப்பு ஒன்றின் துணையால் அது நீலமும் கருஞ்சிவப்புமாக மாறியது.

ரசல் பின்னர் நியூயார்க்கில் பத்திரிகைத் துறையில் பணியாற்றி, 1902இல் புரூக்ளினில் காலமானார். அவருடைய கண்ணாடித் தகடுகள் வேறு கைகளுக்குப் போயின. போர்ப் படங்கள் சில மேத்யூ பிரேடி என்ற புகழ்பெற்ற கலைஞரின் பெயரில் உலவின. ரயில் படங்களும் நெடுங்காலம் பிறர் பெயரில் இருந்தன. 1960களில் நடந்த ஆய்வுக்குப் பிறகே அவை ரசலுடையவை என்று தெளிவானது. இன்று அத்தகடுகள் கலிபோர்னியாவின் ஓக்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளன.

பெயர் மறைந்தது ரசலுக்கு மட்டுமன்று. புகழ்பெற்ற அந்தப் படத்தில் சீனத் தொழிலாளர்களைத் தேடினால் எளிதில் தென்படமாட்டார்கள். அதே நாளில் அவர்கள் தண்டவாளம் அமைப்பதையும் ரசல் படம் பிடித்தார். ஆனால் உலகம் நினைவில் வைத்தது கைகுலுக்கும் படத்தைத்தான்.

நியூயார்க்கில் வளர்ந்த கோர்க்கி லீ என்ற சீன வம்சாவளிச் சிறுவன் பாடநூலில் அப்படத்தைக் கண்டு, தன் இனத்தாரைத் தேடினான். ஒருவரும் கிடைக்கவில்லை. வளர்ந்து புகைப்படக் கலைஞரான லீ, 2014 மே 10 அன்று புரொமாண்டரியில் சீன அமெரிக்கர்களைத் திரட்டினார். அந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களும் வந்திருந்தனர். அதே இடத்தில், அந்த நகல் இன்ஜின்களுக்கு முன்னால் அவர்களை நிறுத்திப் படம் எடுத்தார். 145 ஆண்டுக்காலக் குறை ஒன்று தீர்ந்தது.

இளையர்களே, உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் இருக்கும். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார், அன்று வராமல் போனவர் யார் என்று கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே பெயர்களைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். ஒரு பென்சில் போதும்.