செடியை எழுதவைத்த ஜகதீச சந்திர போஸ்

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது, கைகளைச் சுத்தி செய்யும் சானிடைசர் என்னும் திரவம் வீடுதோறும் புகுந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறைகளுள் ஒன்றின்படி அதில் நூற்றுக்கு 80 பங்கு சாராயமே. அதைச் செடியின் வேரில் ஊற்றினால் யாது நேரும் என்று கேட்போர் உளர். செடி மாயும் என்று விடை கூறுதல் எளிது. ஆனால் மது, குளோரோபாரம் முதலியவற்றால் செடியின் வளர்ச்சி கணத்துக்குக் கணம் மாறுவதை அச்செடியே எழுதிக் காட்டும்படி செய்தவர் நம் தேசத்தார் ஒருவர். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சிறிது கூற விரும்புகிறோம்.

ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி கிழக்கு வங்காளத்து மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆயினும் மகனை முதலில் வங்க மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். உழவர், செம்படவர் மக்களோடு சமமாய் அமர்ந்து படித்த சிறுவன், பின்னர் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றுத் தேர்ந்து, 1885-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் ஆசிரியரானார். அங்கே வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. தற்காலிக நியமனமென்று போஸுக்கு அதிலும் பாதியே என்றனர். அவர் வழக்காடவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். முடிவில் அதிகாரிகளே இணங்கி, முழுத் தொகையையும் பழைய பாக்கியோடு கொடுத்தனர். அந்த வறுமைக் காலத்தில், 1887-இல், அவரை மணந்த அபலா அம்மையார் சென்னையில் வைத்தியம் பயின்றவர் என்பதை நம் நேயர்களிற் பலர் அறியார்.

1895-இல் கல்கத்தாவில் கம்பியில்லா மின்னலைகளால் மணி அடித்துக் காட்டியவர், அவ்வலைகளை ஏற்கும் கருவி நெடுநேர உழைப்பில் களைத்து, ஓய்வுக்குப்பின் தெளிவதைக் கண்டார். உலோகமே களைக்குமானால் செடி என் செய்யும்? இக்கேள்வி அவரைத் தாவர ஆராய்ச்சிக்கு ஈர்த்தது. 1901-இல் லண்டன் ராயல் சங்கத்தில் அவர் தம் முடிவுகளை வாசித்தபோது, உடற்கூற்று நிபுணர் பர்டன் சாண்டர்சன் எதிர்த்தார். சங்கம் கட்டுரையை வெளியிடவில்லை.

போஸ் வாதத்தைப் பெருக்காமல் கருவியைப் பெருக்கினார். செடி ஒரு வினாடியில் சராசரி ஓர் அங்குலத்தின் லக்ஷத்தில் ஒரு பங்கே வளர்கிறது என்பது அவர் கணக்கு. இதைக் கண் எவ்வாறு காணும்? அவர் அமைத்த கிரெஸ்கோகிராப் என்னும் யந்திரத்தில் இரண்டு நெம்புகோல்கள் அவ்வசைவை 10,000 மடங்காக்கி, புகைபடிந்த கண்ணாடியில் புள்ளிகளாகப் பதித்தன. பின்னர் காந்தத்தின் உதவியால் 1 கோடி மடங்கு வரை சென்றார். ஒரு மருந்தைக் கொடுத்தவுடன் புள்ளிகளின் கோடு செங்குத்தாய் எழுந்தால் வளர்ச்சி மிகுந்தது, சரிந்தால் தளர்ந்தது. மிகச் சிறு அளவில் வளர்ச்சியைத் தூண்டிய விஷமே, அளவு மிகுந்தவிடத்து அதை அடக்கிக் கொல்வதை அக்கோடுகள் காட்டின. பொருளை மட்டும் கேட்பது போதாது, அளவையும் கேட்கவேண்டும் என்பதே அவர் கண்ட பெரிய உண்மையென்று நாம் கருதுகிறோம்.

லண்டனில் 1920-இல் வாலர் என்னும் நிபுணர் இக்கருவியைப் பகிரங்கமாகச் சந்தேகித்தார். போஸ் அறிஞர் முன்னிலையிலேயே அதை இயக்கினார். ரேலி பிரபு, பேலிஸ் முதலியோர் அது வளர்ச்சியைச் சரிவரப் பதிவதாகப் பத்திரிகையில் கையொப்பமிட்டு அறிவித்தனர். முன்பு கட்டுரையை ஒதுக்கிய அதே ராயல் சங்கம் அவ்வாண்டே அவரை அங்கத்தினராக்கிற்று.

தாவரத்துக்கு நரம்பு மண்டலமே உண்டு என்னும் அளவுக்கு அவர் சென்றதைப் பெரும்பாலோர் ஒப்பவில்லை. நாமும் அதனை வற்புறுத்தோம். ஆயினும் செடியினுள் மின் சமிக்ஞைகள் ஓடுவதை இன்றைய சாஸ்திரம் ஏற்கிறது. அளவைப் பற்றிய பேச்சும் ஓயவில்லை. 2006-இல் அமெரிக்கக் கார்னெல் சர்வகலாசாலையார், நர்கிஸ் பூச்செடிக்கு நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு சாராயம் கலந்த நீரை வார்த்ததில், மலர் சிறுக்காமல் தண்டு மட்டும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குட்டையானதை வெளியிட்டனர். நூற்றுக்கு 10 பங்குக்கு மேற்சென்றால் செடிக்குக் கேடே. சானிடைசரின் 80 பங்கு என் செய்யும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

போஸ் 1917-இல், தம் பிறந்த நாளில், கல்கத்தாவில் நிறுவிய ஆராய்ச்சி மந்திரம் இன்றும் நடந்துவருகிறது. அவர் 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் காலமானார்; எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது.