ஒரே தெருவில் அனைவருக்கும் வீடு: அனைரின் பெவன் வாழ்வும் பணியும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள் என்பதை நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே படித்து விடுகின்றனர். இம்மூன்றனுள் உறையுள் ஏனைய இரண்டினின்றும் சற்று வேறுபட்டதாகும். பசித்தவனுக்கு உணவும் ஆடையற்றவனுக்கு உடையும் கொடுத்துவிட்டால் அந்த அளவில் அக்குறை தீர்ந்து விடுகிறது. வீடோ நிலத்தின் மேல் நிற்பது. அது எந்தத் தெருவில் நிற்கிறது, எவ்வளவு பெரியது, யாருடைய வீட்டுக்கு அடுத்தது என்பவையெல்லாம் அதில் வாழ்பவரின் மதிப்பை ஊரார் அளக்கும் கோல்களாகி விடுகின்றன.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் பிரிட்டன் நாட்டு அமைச்சராயிருந்த அனைரின் பெவன் ஆவார். ஏழைக்கு ஒரு வீடு கொடுத்தால் மட்டும் போதாது. அது பிறர் வீட்டைப் போன்ற வீடாகவும், பிறர் வாழும் தெருவிலேயே அமைந்த வீடாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தேசிய நலவாழ்வுப் பணியை நிறுவி, அனைவருக்கும் இலவச மருத்துவம் கிடைக்கச் செய்தவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அதே ஆண்டுகளில் வீட்டு வசதித் துறையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது என்பதைப் பலர் அறியார். அப்பணியை நம் இளைஞர்கள் அறிந்து கொள்ளுதல் நலம்.

சுரங்க நகரில் பிறப்பு

தெற்கு வேல்ஸ் பகுதியிலுள்ள டிரெடீகர் என்னும் சுரங்க நகரில் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பெவன் பிறந்தார். தந்தையார் டேவிட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தாயார் ஃபீபி தையல் தொழில் அறிந்தவர். பிள்ளைகள் பலர் பிறந்த குடும்பம் அது. அவர்களுள் சிலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சிறு வீடே அவர்களுக்கு வாய்த்திருந்தது.

பெவனுக்குச் சிறு வயதில் திக்குவாய் இருந்தது. பள்ளிப் படிப்பும் பதின்மூன்றாம் வயதோடு முடிந்து, அவரும் சுரங்கத்தில் இறங்கினார். எனினும் கல்வி அத்துடன் நின்று விடவில்லை. தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சிறு தொகை செலுத்தி நடத்திய நூலகம் ஒன்று அந்நகரில் இருந்தது. பகலில் நிலத்தடியில் கரி வெட்டிய அவ்விளைஞர் மாலையில் அங்கு சென்று நூல்களைக் கற்றார். நாவில் தடைபடும் சொல்லுக்கு மாற்றாக வேறொரு சொல்லைத் தேடித் தேடி அவர் சேர்த்த சொற்செல்வமே பின்னாளில் அவரை நாடாளுமன்றத்தின் தலைசிறந்த பேச்சாளருள் ஒருவராக்கிற்று.

1919ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உதவித் தொகை பெற்று, இலண்டனிலிருந்த மத்தியத் தொழிலாளர் கல்லூரியில் சேர்ந்து ஈராண்டுகள் பயின்றார். ஊர் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. நெடுநாள் வேலையின்றி வாட நேர்ந்தது. 1925ஆம் ஆண்டில், சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டுப் போன தந்தையார் மகனின் கைகளிலேயே உயிர் நீத்தார்.

நகர மன்றத்திலிருந்து நாடாளுமன்றம்

1922ஆம் ஆண்டில் பெவன் டிரெடீகர் நகர மன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928இல் மான்மத் மாவட்ட மன்றத்திலும் இடம்பெற்றார். பிரிட்டனில் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டுவதும், அவற்றைத் தேவையுடையோருக்கு ஒதுக்குவதும் உள்ளாட்சி மன்றங்களின் பணியாக இருந்தன. சிறிய மன்றம் ஒன்றின் உறுப்பினர் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யப் பணமின்றித் தவிப்பார் என்பதைப் பெவன் அங்கேயே கற்றார். 1929ஆம் ஆண்டில் எபு வேல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், இறக்கும் வரை அத்தொகுதியின் உறுப்பினராகவே விளங்கினார்.

அமைச்சர் பொறுப்பு

1945ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. அவ்வாண்டு நடந்த தேர்தலில் தொழிற்கட்சி வெற்றி பெற, அட்லி பிரதமரானார். பெவன் சுகாதார அமைச்சரானார். வீட்டு வசதியும் அந்த அமைச்சகத்தின் கீழ் இருந்தது.

நாட்டின் நிலையோ இரங்கத்தக்கதாக இருந்தது. குண்டு வீச்சில் இலட்சக்கணக்கான வீடுகள் அழிந்தும் குடியிருக்கத் தகுதியற்றும் போயிருந்தன. ஆறு ஆண்டுகளாகப் புதிய வீடு கட்டும் வேலை ஏறத்தாழ நின்று போயிருந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் மணம் புரிந்து, பெற்றோர் வீட்டு மூலை ஒன்றில் குடித்தனம் நடத்த வேண்டியவர்களாயினர். மரம், செங்கல், கொத்தனார் ஆகிய யாவற்றுக்கும் தட்டுப்பாடு.

இருக்கும் பொருளைக் கொண்டு யாருக்கு முதலில் வீடு கட்டுவது என்பதே பெவன் முன் நின்ற கேள்வி. தனியார் கட்டுநர் பணமுடையோருக்கே கட்டுவர். தேவையுடையோர் காத்துக் கிடப்பர் என்று அவர் கருதினார். ஆகவே உரிமம் இன்றி வீடு கட்டக் கூடாதென்ற கட்டுப்பாட்டைப் பயன்படுத்தி, ஐந்து வீடுகளில் நான்கு உள்ளாட்சி மன்றங்களால் வாடகைக்குக் கட்டப்படுபவையாக இருக்குமாறு செய்தார்.

மன்றங்களுக்குப் பணம் வேண்டுமே! அதற்காக 1946ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார். அதன்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் 22 பவுன் வீதம் 60 ஆண்டுகளுக்கு மானியம் வகுக்கப்பட்டது. இதில் 16 பவுன் 10 ஷில்லிங்கை நடுவண் அரசு கொடுத்தது. எஞ்சிய 5 பவுன் 10 ஷில்லிங்கை உள்ளூர் வரியிலிருந்து மன்றம் ஏற்றது. குறைந்த வட்டிக்கு அரசுக் கடனும் கிடைத்தது. வீட்டைக் கட்டிய கடன் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் தீர, மானியம் அதில் ஒரு பகுதியைத் தாங்கிக் கொள்ள, தொழிலாளியின் கூலிக்கு எட்டிய வாடகை சாத்தியமாயிற்று. ஏழைக்கு எட்டும் வாடகை என்பது எவரோ ஒருவரின் இரக்கத்தால் வருவதன்று. கணக்கிட்டுச் சட்டமாக்கினால் வருவது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

வீட்டின் அளவும் தெருவின் அமைப்பும்

எத்தகைய வீடு கட்டுவது என்பதில்தான் பெவனின் தனித்தன்மை விளங்கிற்று. மூன்று படுக்கையறைகள் கொண்ட வீட்டுக்கு 900 சதுர அடியேனும் வேண்டும் என்று 1944ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று பரிந்துரைத்திருந்தது. பெவன் அதனை ஏற்றுச் செயற்படுத்தினார். 1949ஆம் ஆண்டளவில் மன்ற வீடுகளின் சராசரிப் பரப்பு ஆயிரம் சதுர அடியையும் தாண்டிற்று. குளியலறையும், மாடியிலும் கீழும் கழிப்பறைகளும் அவ்வீடுகளில் இடம்பெற்றன.

அளவைச் சுருக்கினால் இன்னும் பல வீடுகள் கட்டலாமே என்று பலர் வற்புறுத்தினர். எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர், தம் கட்சியினரும் நெருக்கினர். பெவன் இணங்கவில்லை. எண்ணிக்கையைக் காட்டிப் பெறும் புகழ் ஓரிரு ஆண்டுகளில் மறைந்து விடும். இடுக்கமான வீட்டின் துன்பமோ தலைமுறைகளுக்கு நீளும் என்பது அவர் எண்ணம்.

தெருவைப் பற்றிய அவர் கொள்கை இன்னும் சிறந்தது. பழைய வீட்டு வசதிச் சட்டங்கள் தொழிலாளர் வகுப்பினருக்கு மட்டுமே மன்றங்கள் வீடு கட்ட வேண்டும் என்று வரையறுத்திருந்தன. அதனால் ஏழைகளின் குடியிருப்புகள் தனியே ஒதுங்கி நின்றன. முகவரியைக் கேட்ட அளவிலேயே ஒருவரின் நிலை தெரிந்து விடும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சொற்களையே பெவன் நீக்கினார். மருத்துவரும் கடைக்காரரும் பண்ணைத் தொழிலாளியும் ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழும் பழைய கிராமங்களைப் போலப் புதிய குடியிருப்புகளும் அமைய வேண்டும் என்பது அவர் கனவு.

ஊர் ஒரு புறமும் சேரி ஒரு புறமுமாக வாழ நேர்ந்த நம் மக்களுக்கு இதன் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேல்நாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917ஆம் ஆண்டில் பரோடா நகரில் தங்க ஓர் இடமின்றி, பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டதை நாம் அறிவோம். பட்டத்தால் திறக்க முடியாத கதவு உண்டு என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ? பிரிட்டனில் வகுப்பால் எழுந்த சுவர் வேறு, நம் நாட்டில் சாதியால் எழுந்த சுவர் வேறு. எனினும் தனிக் குடியிருப்பில் கட்டித் தரும் வீடு, கூரையைக் கொடுத்தாலும் பிரிவினையை நிலைநிறுத்தும் என்ற உண்மை இரு நாட்டுக்கும் பொதுவானதே.

தடைகளும் குறைகளும்

பெவனின் பணி இடையூறின்றி நடந்தது என்று கூறுவதற்கில்லை. 1946ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட நிலையான வீடுகள் ஏறத்தாழ 55,000 மட்டுமே. காத்திருந்த மக்கள் பொறுமை இழந்தனர். அவ்வாண்டுக் கோடையில் வீடற்ற குடும்பங்கள் காலியாகக் கிடந்த இராணுவ முகாம்களில் தாமாகவே புகுந்து குடியேறின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட முகாம்களில் அவ்வாறு குடியேறியோர் ஏறத்தாழ 40,000 பேர். அம்முகாம்களை அரசு மன்றங்களிடம் ஒப்படைத்து, அடிப்படை வசதிகளைச் செய்து தர இசைந்தது. ஆனால் செப்டம்பரில் இலண்டனின் செல்வர் பகுதியான கென்சிங்டனில் காலியாயிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துள் மக்கள் புகுந்தபோது, அரசு காவலரை நிறுத்தி நெருக்கி அவர்களை வெளியேறச் செய்தது. வரிசையில் காத்திருப்போரை முந்துவது முறையன்று என்பது பெவனின் நிலை. குழந்தைகளோடு தெருவில் நின்றவர்களுக்கு அந்நியாயம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

1947ஆம் ஆண்டில் கடுங்குளிரும் எரிபொருள் பஞ்சமும் நாட்டை வாட்டின. அந்நியச் செலாவணி நெருக்கடியால் மர இறக்குமதியும் குறைந்தது. இவற்றையெல்லாம் கடந்து 1948ஆம் ஆண்டில் 2,27,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. தொழிற்சாலைகளில் செய்து கொணர்ந்து நிறுத்திய தற்காலிக வீடுகளையும் சேர்த்தால், 1951க்குள் எழுந்த புதிய வீடுகள் பத்து இலட்சத்துக்கு மேலாகும்.

வீடற்றோர்க்குச் சட்டம்

அதுகாறும் வீடற்ற ஏழைகளுக்கு இருந்த புகலிடம் ஏழையர் சட்டத்தின் கீழ் நடந்த விடுதிகளே. அங்கு நுழைவதே இழிவாகக் கருதப்பட்டது. கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் பிரித்து வைப்பது அவற்றின் வழக்கம். 1948ஆம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டம் அந்தப் பழைய முறைக்கு முடிவு கட்டியது. எதிர்பாராத வகையில் வீடிழந்தோருக்குத் தற்காலிக இடமளிப்பதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது.

ஆயினும் பெயர் மாறிய அளவுக்கு நடைமுறை மாறவில்லை. பல மன்றங்கள் பழைய விடுதிக் கட்டடங்களிலேயே மக்களைத் தங்க வைத்தன. கணவன்மாரை உடன் தங்க விடாத கொடுமை 1960களிலும் நீடித்தது. 1966ஆம் ஆண்டில் இதனைச் சித்திரித்த தொலைக்காட்சி நாடகம் ஒன்று நாட்டை உலுக்கிற்று. 1977ஆம் ஆண்டுச் சட்டமே பிள்ளைகளுடைய குடும்பத்தார், கருவுற்ற பெண்கள், முதியோர் போன்றோருக்கு வீட்டு வசதி செய்து தரும் கடமையை மன்றங்களின் மேல் உறுதியாகச் சுமத்தியது. பெவன் இட்ட வித்து முளைத்துப் பயன் தர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இறுதிக் காலமும் பின்விளைவும்

1951ஆம் ஆண்டு சனவரியில் பெவன் தொழிலாளர் நல அமைச்சரானார். பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நோயாளிகளிடம் கட்டணம் வாங்க அரசு முடிவு செய்ததைக் கண்டித்து, அவ்வாண்டு ஏப்ரலிலேயே பதவியைத் துறந்தார். பின்னர் வந்த அரசு வீடுகளின் அளவைச் சுருக்கி எண்ணிக்கையைப் பெருக்கிற்று. 1960ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் பெவன் புற்றுநோயால் மறைந்தார்.

1980ஆம் ஆண்டுச் சட்டம் மன்ற வீடுகளில் குடியிருப்போர் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையை வழங்கிற்று. சொந்த வீடு பெற்ற குடும்பங்கள் மகிழ்ந்தன, அதில் வியப்பில்லை. ஆனால் விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியன போதிய அளவு கட்டப்படவில்லை. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ இருபது இலட்சம் மன்ற வீடுகள் கைமாறின. இன்று அங்கே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் வாழ்கின்றன. ஒரு தலைமுறை பெற்றுத் தந்த உரிமையை அடுத்த தலைமுறை காவாது விட்டால் என்னாகும் என்பதை இது காட்டுகிறது.

இளைஞர்களுக்கு

பல்லாண்டுகள் ஆசிரியப் பணியாற்றியவர் எவரும் ஒன்றை அறிவர். ஓரறை வீட்டில் ஐந்தாறு பேருக்கு நடுவே இரவில் புத்தகத்தை விரிக்க இடமின்றித் தவிக்கும் மாணவன் அறிவில் குறைந்தவனல்லன். அவனுக்குக் குறைந்தது இடமே. ஆதலின் கல்விக்காகப் பாடுபடும் நம் சங்கத்துக்கு வீட்டுப் பிரச்சினை அயலான ஒன்றன்று.

பெவன் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சில உள. உள்ளாட்சி மன்றப் பதவியைச் சிறிதென்று இகழாதீர்கள். அவர் தொடங்கியது அங்கேதான். சட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள். 22 பவுன் மானியக் கணக்கே இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தது. வீடு தருகிறோம் என்று எவர் சொன்னாலும் நன்றி கூறுவதோடு நின்று விடாமல், அது எத்தனை சதுர அடி, எந்தத் தெருவில், யாருக்கு அடுத்த வீடு என்று கேளுங்கள். அக்கேள்வியைத் தலைநிமிர்ந்து கேட்கும் ஆற்றலைத் தருவதே கல்வியின் பயன்.